பாடும் மீனும் பழுதாகும் மீனும்

மட்டக்களப்பைப் பற்றி எழுதப் புகுவோர் மீன் பாடுவதிலிருந்து தொடங்குவது ஒரு மரபாகிவிட்டது. கல்லடிப் பாலத்தின் கீழ், நிலாக் காலத்து இரவுகளில், நீருக்குள்ளிருந்து எழும் இசையைப் பற்றிப் பயணிகள் எழுதினர்; புலவர் பாடினர்; ‘மீன்பாடும் தேனாடு’ என்னும் தொடர் மேடைக்கு மேடை ஒலித்தது. இதிற் குறை காண்பதற்கில்லை. ஆயின், பாடும் மீனுக்கு நாம் செவி கொடுத்த அளவிற்கு, அதே வாவியிற் பிடிபட்டுக் கூடையிற் கிடக்கும் மீனுக்கு நமது அறிவைக் கொடுத்தோமா? இக்கட்டுரை எழுப்பும் வினா இதுவே.

வடக்கே ஏறாவூர்ப் பக்கத்திலிருந்து தெற்கே கல்முனையை அண்டிய பகுதிவரை ஐம்பது கிலோமீற்றருக்கும் மேலாக நீண்டு கிடக்கும் இவ்வாவி, பாலமீன்மடு முகத்துவாரத்திலும் கல்லாற்றிலும் கடலோடு கலக்கின்றது. அதன் கிழக்கே எழுவான்கரை; மேற்கே படுவான்கரை. ஒருபுறம் வலையும் தோணியும், மறுபுறம் நெல்லும் கால்நடையும். இவ்விரு கரையிலும் வாழ்வோரின் சட்டியிற் கொதிக்கும் மீன் உடன்மீனா பழுதான மீனா என்பதை இன்றுவரை தீர்மானிப்பன கண், விரல், மூக்கு என்னும் மூன்றே. செவுளின் செம்மையைப் பார்க்கின்றோம், கண்ணின் தெளிவைப் பார்க்கின்றோம், தசையை அழுத்துகின்றோம், முகர்கின்றோம். இவ்வறிவு பழமையானது, மதிக்கத்தக்கது. அது போதுமானதா என்பதே கேள்வி.

போதும் என்போர் ஒரு சாரார். ‘நம்முடைய மீன்காரி அறியாததையா மின்வாய் அறியப்போகின்றது?’ என்று அவர்கள் கேட்கின்றனர். மரபறிவின் மீதுள்ள பற்றினால் எழும் கேள்வி இது. ஆதலின் இதனை எள்ளி நகையாடுவது தகாது. எனினும் இதற்கு விடை கூறியே ஆகவேண்டும்.

மீன் இறந்தவுடன் அதன் தசையில் இருவகை மாற்றங்கள் நிகழ்கின்றன. முதலாவது, மீன் தன் சொந்த நொதியங்களாலேயே சிதைவது. இரண்டாவது, பற்றீரியாக்கள் பெருகி அதனை அழுகச் செய்வது. மூக்கு பெரிதும் உணர்வது இரண்டாவதையே. நாற்றம் எழுந்த பின்னர் அது நாறுகின்றது என்று சொல்வதற்கு மூக்கு போதும். நாற்றம் எழுமுன், மீன் தன் உடன்தன்மையில் எவ்வளவை இழந்துவிட்டது என்று சொல்வதற்கு அது போதாது.

உயிருள்ள தசையின் ஆற்றற் சேமிப்பு அடினோசீன் முப்பொசுபேற்று என்னும் சேர்வையாகும். மீன் இறந்ததும் அது இருபொசுபேற்றாகி, ஒருபொசுபேற்றாகி, பின்னர் இனோசீன் ஒருபொசுபேற்றாக மாறுகின்றது. நல்ல மீனின் இன்சுவைக்குப் பெரிதும் காரணமாயமைவது இக்கடைசிச் சேர்வையே. அதுவும் நிலைப்பதில்லை. அது இனோசீனாகவும், இனோசீன் ஐப்போசந்தீனாகவும் சிதைகின்றன. ஐப்போசந்தீன் சேரச்சேர மீனின் சுவை மங்கிக் கசப்பேறுகின்றது. ஆகவே, இச்சங்கிலியில் மீன் எந்தக் கண்ணிக்கு வந்து சேர்ந்துள்ளது என்று அறிவோமாயின், அது இறந்தபின் எப்படி நடத்தப்பட்டது என்பதையும் அறிந்தவராவோம். ஜப்பானிய ஆய்வாளர் சைட்டோவும் அவரோடு ஆய்ந்தோரும் 1959 ஆம் ஆண்டில் இதனை ஓர் எண்ணாக்கினர். இனோசீனும் ஐப்போசந்தீனும் சேர்ந்த அளவு, அச்சங்கிலியிலுள்ள சேர்வைகள் அனைத்தின் கூட்டுத்தொகையில் எத்தனை வீதம் என்பதே ‘கே பெறுமானம்’ எனப்படும். அது 20 இற்குக் குறைவாயின் மீன் பச்சையாக உண்ணவும் தக்கது என்பது அந்நாட்டு வழக்கு.

இவ்வெண்ணைப் பெறுவதற்கு முதலில் பெரிய ஆய்வுகூடமும் பல மணி நேர உழைப்பும் வேண்டியிருந்தன. அந்நிலையை மாற்றியது நொதிய மின்வாய். 1962 இல் அமெரிக்கரான கிளார்க்கும் லயன்சும் குருதியிலுள்ள குளுக்கோசை அளப்பதற்கென ஒரு வழியை முன்வைத்தனர். ஒரே பொருளை மாத்திரம் இனங்கண்டு தாக்கும் நொதியமொன்றை மின்வாயின் முகத்திற் சிறைவைத்து, அந்தத் தாக்கத்தை மின்னோட்டமாக வாசிப்பதே அவ்வழி. அதே வழியில் மீனையும் வாசிக்கலாம். சந்தீன் ஒட்சிடேசு என்னும் நொதியம் ஐப்போசந்தீனைச் சந்தீனாகவும், சந்தீனை யூரிக்கமிலமாகவும் ஒட்சியேற்றுகின்றது. அப்பொழுது கரைந்துள்ள ஒட்சிசன் செலவாகின்றது. ஐதரசன் பரவொட்சைட்டு தோன்றுகின்றது. எது குறைந்தது அல்லது எது கூடியது என்பதை மின்வாய் கூறிவிடும். 1984 இல் ஜப்பானில் இசாவோ கருபேயும் அவர்தம் குழுவினரும் இத்தகைய நொதியங்களை இணைத்து மீனின் உடன்தன்மையை அளக்கும் உணரித் தொகுதியொன்றை வெளியிட்டனர். முப்பொசுபேற்றும் அதனை அடுத்த சேர்வைகளும் மீன் இறந்தபின் விரைவில் அருகிவிடுவதால், பிந்திய மூன்று சேர்வைகளை அளந்தாலே பெரும்பாலும் போதும் என்பது இவ்வழியின் எளிமை.

மூக்கே போதும் என்போர்க்கு இன்னொரு விடையும் உண்டு. அது சுவையைப் பற்றியதன்று, உடல்நலத்தைப் பற்றியது. சூரை, கும்பிளா போன்ற மீன்களின் தசையில் இசுற்றிடீன் என்னும் அமினோவமிலம் மிகுதி. குளிரின்றிக் கிடக்கும் மீனிற் சில பற்றீரியாக்கள் இதனை இசுற்றமீனாக மாற்றுகின்றன. உண்டவர் முகம் சிவக்கும், உடல் தடிக்கும், தலை வலிக்கும். ‘மீன் ஒத்துக்கொள்ளவில்லை’ என்று வீட்டில் சொல்லிவிடுவர். இசுற்றமீனுக்கு நாற்றமில்லை. கொதிக்க வைத்தாலும் அது அழிவதில்லை. உறைய வைத்தாலும் அழிவதில்லை. கோடெக்சு உணவு நியமம் கிலோகிராமுக்கு 200 மில்லிகிராமை இதற்குரிய பாதுகாப்பு எல்லையாக வகுத்துள்ளது. எந்த மூக்கு இந்த எல்லையைக் காணும்? ஈரமைன் ஒட்சிடேசு என்னும் நொதியத்தைத் தாங்கிய மின்வாய் காணும். மரபறிவைப் போற்றுவது வேறு. அதனாற் காண முடியாததைக் காணவேண்டாம் என்பது வேறு. பின்னையது மரபுப்பற்று அன்று, அசட்டை.

இனி இரண்டாவது சாராருக்கு வருவோம். இவர்கள் கருவியை மறுப்பவரல்லர், வரவேற்பவர். ஆனால் அவர்கள் கண்முன் நிற்பது கொழும்பிலிருந்து வானூர்தியேறும் மீன் மாத்திரமே. ஐரோப்பாவுக்குச் செல்லும் மீன் நலச்சான்றிதழின்றிப் புறப்படாது. அங்கு ஒரு சரக்கிலிருந்து எடுக்கப்படும் ஒன்பது மாதிரிகளின் இசுற்றமீன் சராசரி கிலோகிராமுக்கு 100 மில்லிகிராமைத் தாண்டலாகாது என்பது விதி. ஆகவே அம்மீனுக்கு ஆய்வுகூடம் உண்டு, பனிக்கட்டி உண்டு, பதிவேடு உண்டு. 1980 ஆம் ஆண்டின் 26 ஆம் இலக்க உணவுச் சட்டம் உள்ளூர்ச் சந்தைக்கும் உரியதே. எனினும் ஆரையம்பதியிலும் கொக்கட்டிச்சோலையிலும் ஒரு தாய் வாங்கும் மீனுக்குரிய ஆய்வுகூடம் அவள் மூக்கே. அயல்நாட்டான் வயிற்றுக்கு எண்ணும், நம்மவர் வயிற்றுக்கு நம்பிக்கையும் என்று பிரித்து வழங்குவது எந்த அறத்தின்பாற்படும்? அளவை என்பது அந்நியச் செலாவணிக்கு மட்டும் உரிய ஆடம்பரமாயின், அந்த அளவை நமக்கு வேண்டாம் என்று சொல்லவும் துணிவேன்.

ஆயினும் நாம் வேண்டாம் என்பதால் அது வராமற் போய்விடாது. வருவது யார் கைக்கு என்பதே வினா. இவ்வினாவின் கூர்மையை மீனவர் அறிவர். அவர்களினும் உழவர் நன்கறிவர். நெற் சந்தைப்படுத்தும் சபை 14 வீத ஈரப்பதத்தை நியமமாகக் கொண்டுள்ளது. படுவான்கரை உழவன் களத்திலிருந்து நெல்லைக் கொண்டுவந்து வைக்கும்பொழுது, ‘ஈரம் கூட’ என்று சொல்லிக் கழிக்கும் தனியார் கொள்வனவாளர் கையில் ஒன்று ஈரமானி இருக்கும், அல்லது ஒன்றுமே இராது. உழவன் கையில் எந்நாளும் ஒன்றும் இராது. ஈரமானி பொய் சொல்வதில்லை. ஆனால் அது ஒருவனுக்கு மாத்திரம் முகம் காட்டுமாயின், அந்த உண்மையும் ஒருபக்கத்து ஆயுதமாகிவிடும். வள்ளுவர் நடுவுநிலைமைக்குத் துலாக்கோலை உவமை கூறினார். துலாக்கோலின் சிறப்பு அதன் நுண்மையில் மட்டும் இல்லை; விற்பவனும் வாங்குபவனும் ஒருசேரக் காணும்படி அது நடுவில் தொங்குவதிலும் இருக்கின்றது.

மீன்துறையில் நிகழ்வதும் இதுவே. வைகறையில் வாவியிலிருந்து கரையேறும் மீன் சில மணி நேரத்துக்கு முன் உயிரோடு இருந்தது. வாழைச்சேனைத் துறைமுகத்தில் இறங்கும் பலநாட் கலத்து மீனோ பல நாள் பனிக்கட்டியிற் கிடந்தது. இரண்டும் ஒரே சந்தையில் ஒரே வெளிச்சத்திற் பரப்பப்படுகின்றன. வாவி மீனின் உண்மையான மேன்மை நேரத்தில் உள்ளது. நேரத்தைக் கண்ணாற் காட்ட முடியாது. கொள்வனவாளன் ‘பதம் போய்விட்டது’ என்று ஒரு சொற் சொன்னால், மறுத்துரைக்க மீனவனிடம் தன் வாய்ச்சொல்லைத் தவிர வேறில்லை. வெயில் ஏறுகின்றது, மீன் காத்திராது, அவன் இறங்கி வருகின்றான். மீனின் தரத்தை அளக்க வழியின்மையால் நட்டமடைபவன் எப்பொழுதும் காத்திருக்க இயலாதவனே. உடன்தன்மையை எண்ணாக்கும் கருவி முதன்முதலில் நியாயம் வழங்கத்தக்கது இவனுக்கே என்று நான் வாதிடுகின்றேன்.

‘எண் வந்தால் அதைக் காட்டியே மீனவனைத் தள்ளுவர்’ என்னும் அச்சம் சிலர்க்கு உண்டு. அச்சம் பொய்யன்று. ஆனால் இன்றும் அவனைத் தள்ளுகின்றனர். எண்ணின்றித் தள்ளுகின்றனர் என்பதே வேறுபாடு. மேலும், எண் என்பது ஒரே இடத்தில் எடுக்கப்படும்பொழுதே ஒருவன் மேற் பழியாகின்றது. துறையில் ஒருமுறை, லொறியில் ஏற்றும்பொழுது ஒருமுறை, சந்தையில் ஒருமுறை என்று எடுத்துப் பாருங்கள். மீன் எந்தக் கையிற் கெட்டது என்பது அப்பொழுது வெளிப்படும். இன்று சைக்கிளிற் பெட்டி கட்டி ஊரூராகச் செல்லும் சிறு வியாபாரியே கடைசிக் கண்ணி. ஆகவே எல்லார் பழியையும் சுமப்பவனும் அவனே. அளவுகோல் அவன் முதுகில் விழும் பிரம்பாகலாகாது. அது சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியையும் கேள்வி கேட்கும் கருவியாக வேண்டும்.

கருவியிற் காதல் கொண்டோர்க்கும் ஒரு சொல். மின்வாய் மீனைக் காப்பாற்றாது; பனிக்கட்டியே காப்பாற்றும். 0 பாகை செல்சியசில் மீன் கெடும் வேகத்தோடு ஒப்பிடின், 10 பாகையில் அது ஏறக்குறைய நான்கு மடங்காகும் என்பது குளிர் நாட்டு மீன்களில் அறியப்பட்ட பொது அளவு. நமது கரையிலோ நண்பகல் வெப்பநிலை 30 பாகையைத் தொடும். பனிக்கட்டி சென்றடையாத துறைக்கு உணரியை அனுப்புவது, கஞ்சியில்லாத வீட்டுக்கு நிறைகாட்டியை அனுப்புவது போன்றது. எனவே கருவிக்காக வாதிடுவோன் முதலிற் பனிக்கட்டிக்காக வாதிட வேண்டும். அதேவேளை, இரண்டும் ஒன்றுக்கொன்று பகையுமல்ல. பனிக்கட்டிக்குச் செலவிட்டவனுக்கும் செலவிடாதவனுக்கும் ஒரே விலையாயின், யார் செலவிடுவர்? நன்கு பேணப்பட்ட மீனுக்குக் கூடுதல் விலை கிடைக்கும் என்பதற்கு ஓர் அத்தாட்சி இருக்கும்பொழுதே பனிக்கட்டி கரைக்கு வரும்.

இனி, மூன்றாவது சாரார். இவர்கள் வெளியே இல்லை, நமக்குள்ளேயே இருக்கின்றனர். 1984 இற்குப் பின் உலகெங்கும் ஐப்போசந்தீன் உணரிகளைப் பற்றி ஏராளமான ஆய்வுக் கட்டுரைகள் வெளிவந்துள்ளன. மின்வாயின் மேற் பொன் துகள், கரிக் குழாய், பல்பகுதியப் படலம் என்று புதியன புதியனவாகப் பூசப்படுகின்றன. கடையில் வாங்கிய மீனொன்று கட்டுரையின் இறுதியிற் சோதிக்கப்படுகின்றது. கண்டறியும் எல்லை சற்றே குறைக்கப்படுகின்றது. கட்டுரை வெளியாகின்றது, உணரி இழுப்பறைக்குள் உறங்குகின்றது. மேல்நாட்டாரின் இவ்வழியையே நாமும் பின்பற்றுவோமாயின், வாவிக்கரையிற் பல்கலைக்கழகம் அமைந்ததன் பொருள் என்ன? 1981 இற் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி 1986 இற் பல்கலைக்கழகமாக உயர்ந்த கிழக்குப் பல்கலைக்கழகம் வந்தாறுமூலையில் நிற்கின்றது. வாவி அதற்கு எட்டாத தூரத்தில் இல்லை.

செய்யவேண்டிய பணி புதியதோர் உணரியைப் புனைவதன்று, அதனினும் கடினமானது. கே பெறுமானம் எல்லா மீனுக்கும் ஒரே பொருள் தருவதில்லை. சில மீன்களில் இனோசீன் தேங்குகின்றது. சிலவற்றில் ஐப்போசந்தீன் விரைந்து தேங்குகின்றது. கொடுவாவுக்கு உண்மையாவது திலாப்பியாவுக்கு உண்மையாகாது. இறாலுக்கும் நண்டுக்கும் வேறு அட்டவணையே வேண்டும். கடல்மீனின் பழுதைக் காட்ட உதவும் திரைமெதயிலமீன் என்னும் சேர்வையோ நன்னீர் மீன்களில் மிகக் குறைவாகவே தோன்றும். உவரும் நன்னீரும் மாறிமாறிக் கலக்கும் நம் வாவியிற் பிறர் நாட்டு அட்டவணையை அப்படியே நம்புவது எங்ஙனம்? வாவியில் விலைபோகும் ஒவ்வொரு மீனும் பனிக்கட்டியோடும் பனிக்கட்டியின்றியும், மாரியிலும் கோடையிலும், மணிக்கு மணி எவ்வாறு மாறுகின்றது என்னும் அட்டவணையை நாம் தயாரிக்காவிடின் வேறெவர் தயாரிப்பர்? தேசிய நீரியல் வள ஆராய்ச்சி அபிவிருத்தி முகவரகம் 1981 ஆம் ஆண்டுச் சட்டத்தினால் அமைந்தது; அதன் தலைமையகம் கொழும்பிலே. கொழும்பு கொடுக்கட்டும் என்று காத்திருப்பது நமது பழைய நோய்.

செலவைக் காட்டித் தப்ப முயல்வோரும் உளர். அச்சாக்கும் இன்று வலுவிழந்துவிட்டது. நீரிழிவு நோயாளர் வீட்டில் விரல்நுனிக் குருதியைச் சோதிக்கும் சிறு கருவி இருக்கின்றது. அது நொதிய மின்வாயேயன்றி வேறில்லை. 2011 இற் கலிபோர்னியாவின் சாந்தா பார்பராப் பல்கலைக்கழக ஆய்வாளர், 80 அமெரிக்க டொலருக்குக் குறைந்த செலவில் எவரும் தாமே இணைத்துக்கொள்ளத்தக்க மின்னிரசாயன அளவைக் கருவியொன்றின் வரைபடத்தை யாவருக்குமாக வெளியிட்டனர். நொதியத்துக்கு எங்கே போவது என்று கேட்பீர்களாயின், சந்தீன் ஒட்சிடேசு பெரிதும் பெறப்படுவது பசுப்பாலிலிருந்தே என்பதை நினைவூட்டுகின்றேன். பாலாடையை ஒட்டியே அது உறைகின்றது. படுவான்கரையின் பாலிலிருந்து எழுவான்கரையின் மீனை அளக்கும் பொருளைப் பிரித்தெடுக்க முயல்வது ஓர் இறுதியாண்டு மாணவர் குழுவின் ஆற்றலுக்கு அப்பாற்பட்டதன்று. இடர்கள் இல்லையென்று கூறவில்லை. நம் வெப்பத்தில் நொதியம் தன் செயலை இழக்கும். வெப்பநிலை மாறின் மின்னோட்டமும் மாறும். தசையிலுள்ள பிற சேர்வைகளும் மின்வாயிற் குறுக்கிடும். இவ்விடர்களே ஆய்வுப் பொருள்கள். குளிரூட்டிய ஆய்வுகூடத்தில் இவற்றைக் காணாதோர் இவற்றைத் தீர்க்கவும் மாட்டார்.

எளிய சோதனை மக்கள் கைக்கு வருவது கனவன்று. 2018 இல் மீனிற் போமலின் கலப்பதாகக் கேரளத்தில் எழுந்த கிளர்ச்சியை அடுத்து, கொச்சியிலுள்ள மத்திய மீன்பிடித் தொழினுட்ப நிறுவனம் உருவாக்கிய சோதனைத் தாள்கள் பேசப்பட்டன. மீனிற் போமலினோ அமோனியாவோ சேர்க்கப்பட்டிருப்பதை நிறமாற்றத்தாற் காட்டுவன அவை. அவை நொதிய உணரிகளல்ல; உடன்தன்மையை அளப்பனவுமல்ல. ஆயினும் ஆய்வுகூடத்துக்குள் அடைபட்டிருந்த ஒரு கேள்வியைச் சந்தைக்குக் கொண்டுவந்தன. நாமும் ஒரு கிளர்ச்சி எழும்வரை காத்திருக்க வேண்டுமா?

மொழியைப் பற்றியும் கூறாமல் இயலாது. விபுலானந்த அடிகள் வாவியின் இசையில் ஈடுபட்டவர் என்பதை நாம் மறப்பதில்லை. அவர் விஞ்ஞானம் கற்பித்தவர் என்பதையும், 1936 இற் சென்னையிற் கூடிய கலைச்சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர் என்பதையும் எளிதில் மறந்துவிடுகின்றோம். யாழையும் இரசாயனத்தையும் ஒரே கையாற் பற்றிய அம்மரபுக்கு உரிமை கொண்டாடும் நாம், மீனின் உடன்தன்மையைத் தமிழில் விளக்கும் ஒரு கைந்நூலையேனும் துறையில் வைத்துள்ளோமா? ‘உடன்மீன்’ என்று கரையில் வழங்கும் சொல்லினும் சிறந்த கலைச்சொல் எது? எண்ணைக் காட்டும் கருவி அந்த எண்ணின் பொருளை மீனவனுக்கு விளங்கும் மொழியிற் சொல்லாவிடின், ஈரமானி முகம் திருப்பிய கதையே மீண்டும் நிகழும்.

ஆதலின் நான் வேண்டுவன நான்கு. துறைதோறும் பனிக்கட்டி. வாவி மீனுக்கென வாவிக்கரையிலேயே தயாரிக்கப்பட்ட அட்டவணை. மீனவர் கூட்டுறவுச் சங்கத்தின் உடைமையாக, விற்பவனும் வாங்குபவனும் ஒருங்கு காணும்படி வைக்கப்பட்ட கருவி. அதனை விளக்கும் தமிழ். இவற்றுள் முதலாவதும் மூன்றாவதும் அரசையும் சங்கங்களையும் சார்ந்தன. அவற்றுக்காக நாம் குரல் கொடுக்கலாம். இரண்டாவதும் நான்காவதும் எவரிடமும் இரந்து பெறவேண்டியன அல்ல. அவை நம்முடைய கடன்; இன்றே தொடங்கத்தக்கன.

மீன் பாடுகின்றதா இல்லையா என்பதில் விஞ்ஞானிகள் இன்னும் நெடுங்காலம் வாதிடட்டும். பிடிபட்ட மீன் மட்டும் வாதத்துக்காகக் காத்திருப்பதில்லை. அதன் தசைக்குள் முப்பொசுபேற்று ஐப்போசந்தீனை நோக்கி இறங்கிக்கொண்டே இருக்கின்றது. கரையில் நிற்பவனின் விலையும் அதனோடு இறங்கிக்கொண்டே இருக்கின்றது.